மாமனார் காது மாட்டிக்கொண்ட கம்ப்யூட்டர்

அத்தான் கடைக் கம்ப்யூட்டர் செத்துப்போனதில் ஊரில் பாதிப் பேருக்குக் காது அடைத்துவிட்டது என்று பெரியம்மா மகன் ஃபோனில் சொன்னான். அவனுக்கு அவன் மனைவி சொன்னாளாம்; அவளுக்கு முடிவெட்டும் கடையில் யாரோ சொன்னார்களாம். அந்த யாரோவின் காது நன்றாக இருக்கிறது, ஆகவே செய்தி நம்பகமானது என்பது அவன் கட்சி. கடல் தாண்டி வேலை பார்ப்பவனுக்கு வீட்டுச் செய்தி நேராக வருவதே இல்லை. மூன்று வாய் தாண்டி, கைகால் முளைத்து, மீசையும் வைத்துக்கொண்டுதான் வந்து சேரும். வழக்கம்போல அதில் பாதியை நம்பாமல் விட்டேன். நம்பிய பாதிக்கு முழுக் கவலையும் பட்டுவிட்டு அக்காவைக் கூப்பிட்டேன்.

"பாதி ஊரும் இல்ல, கால் ஊரும் இல்ல. ஒரே ஒரு ஆளுக்குத்தான் கேக்கல. அது நம்ம அப்பா," என்றாள்.

விடுப்பு எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

அத்தான் காதுக் கருவி விற்பவர். ஒரு பக்கம் சாவி வெட்டுபவர், மறுபக்கம் செல்ஃபோன் உறை விற்பவர், நடுவில் ஒரு கதவும் அரை ஜன்னலும் உள்ள கடை. வருகிறவர் காதில் கருவியை மாட்டிவிட்டு, அவர் முதுகுப் பக்கம் போய் நின்று "கேக்குதா?" என்பார். இரண்டடி தள்ளிப் போய் மறுபடி "கேக்குதா?" என்பார். வாசல்வரை போய், சாலையில் போகிறவர்கள் திரும்பிப் பார்க்கும்படி இன்னொரு முறை. கடைவீதியில் அவருக்குப் பெயரே "கேக்குதா"தான். தபால்காரர்கூட அப்படித்தான் விசாரித்துக்கொண்டு வருவார். ஊருக்கெல்லாம் காது கொடுத்த மனிதர், அக்கா பேசும்போது மட்டும் தன் காதைக் கடையிலேயே வைத்துவிட்டு வந்துவிடுவார்.

பள்ளிக்கூடம் முடித்த கையோடு ஆறு மாதம் கம்ப்யூட்டர் வகுப்புக்குப் போனவர். அந்தச் சான்றிதழ் கண்ணாடிச் சட்டத்துக்குள் கடைச் சுவரில், காதின் உள்பக்கப் படத்துக்கு மேலே, தொங்குகிறது. அவர் கற்றது கறுப்புத் திரையும் வெள்ளை எழுத்தும். கட்டளையைத் தட்டினால் வேலை நடக்கும், தப்பாகத் தட்டினால் திட்டு விழும். அதற்குப் பிறகு வந்த படம், பொம்மை, மௌஸ் எதையும் அவர் கம்ப்யூட்டர் என்றே ஒப்புக்கொண்டதில்லை.

"எலியப் பிடிச்சு இழுக்கிறவனெல்லாம் கம்ப்யூட்டர் தெரிஞ்சவனா மச்சான்? எங்க வீட்டுப் பூனைகூடத்தான் இழுக்கும்," என்று எனக்கு வேலை கிடைத்த அன்று வாழ்த்தினார். எனக்குக் கிடைத்தது கம்ப்யூட்டர் கம்பெனி வேலை.

கடை தொடங்கியபோது வாங்கிய கம்ப்யூட்டர் பெட்டியில் அவரே ஒரு நிரல், அதாவது புரோகிராம், எழுதி வைத்திருந்தார். ஒவ்வொரு வாடிக்கையாளர் காதுக்கும் எந்தச் சத்தத்தை எவ்வளவு தூக்கித் தர வேண்டும் என்ற அளவுகள் அதில் இருக்கும். ஒரு காதுக்கு ஆறு எண்கள்; கனத்த சத்தத்தில் தொடங்கி, கிறீச்சிடும் சத்தத்தில் முடியும். முதலில் வலது காது, பிறகு இடது காது. இடத்தை மிச்சம் பிடிக்க வேண்டும் என்று ஒவ்வொரு எண்ணையும் ஒற்றை எழுத்தாகச் சுருக்கிச் சேமித்திருந்தார். இப்படி வயிற்றைக் கட்டி வாயைக் கட்டி அவர் வாழ்நாளில் மிச்சம் பிடித்த இடத்தில் இன்றைக்கு ஒரு பாஸ்போர்ட் போட்டோ வைக்கலாம். கொஞ்சம் நெருக்கியடித்து வைக்க வேண்டியிருக்கும்.

பிற்பாடு கம்பெனிக்காரர்கள் ஒரு லேப்டாப்பையும் புது நிரலையும் கொடுத்துவிட்டுப் போனார்கள். புதிய வாடிக்கையாளர்கள் எல்லாம் அதில். பழைய பெட்டி ஓரத்துக்குப் போனது. அதன் மேல் பேட்டரி அட்டைகள் ஏறின. அதிலிருந்த அளவு இன்னும் தேவைப்பட்ட ஆள் ஒருவர்தான் மிச்சம்: அப்பா.

அப்பா நூற்பாலையில் வேலை பார்த்தவர். மெஷின் பக்கம் இருந்த வலது காது பேருக்குத்தான் காது. கண்ணாடி மாட்டிக்கொள்ள உதவும். இடது காதுதான் பிழைப்பு நடத்துகிறது. பரிசோதனை என்று உட்கார வைத்து, "சத்தம் கேட்டா பொத்தானை அமுத்துங்க மாமா" என்றால் போதும், அப்பாவுக்குப் பரீட்சை நினைப்பு வந்துவிடும். மருமகன் முன்னால் ஃபெயில் ஆவதா? சான்றிதழ்க் கண்ணாடியில் அத்தானின் கை அசைவதைப் பார்த்துப் பார்த்து அமுக்குவார். நூற்றுக்கு நூறு. காகிதத்தின்படி அவருக்கு வேட்டை நாயின் காது.

ஆகவே அத்தான் வேறு முறை கண்டுபிடித்தார். அளவைக் கொஞ்சம் ஏற்றுவார், பின்னால் நின்று தாழ்ந்த குரலில் மாமனாரைத் திட்டுவார். அப்பா திரும்பவில்லையென்றால் இன்னும் கொஞ்சம் ஏற்றுவார், இன்னும் கொஞ்சம் திட்டுவார். எந்த அளவில் அப்பா சட்டென்று திரும்பி முறைத்தாரோ அதுதான் சரியான அளவு. பல வருஷங்கள், பல வசவுகள். இவ்வளவு பொறுமையாக, எண் போட்டு, மாமனாரைத் திட்டிய மருமகன் வேறெங்கும் இருக்க மாட்டார்.

அந்தப் பழைய கருவிகள் இரண்டையும் அப்பா சட்டைப்பையில் வைத்து, சட்டையை வாஷிங் மெஷினில் போட்டார். சட்டை பளிச்சென்று வந்தது. நான் பதறிப்போய்ப் புதிதாக ஒரு ஜோடி வாங்கி அனுப்பினேன். புது நிரல் அந்த வேட்டை நாய்க் காகிதத்தை நம்பி, 'இவருக்கு எதற்குக் கருவி' என்று சும்மா இருந்துவிட்டது. அத்தான் குத்துமதிப்பாக ஏற்றிவிட்டதும், "தகர டப்பாவுக்குள்ள கரப்பான் ஓடுது" என்று அப்பா அதைக் கழற்றி அலமாரியில் வைத்தார். பழைய அளவைப் போட்டுக் கொடுத்தால் மாட்டிக்கொள்வாராம். அளவை எடுக்க அத்தான் ஓரத்துப் பெட்டியைத் தட்டி எழுப்பினார். அது எழுந்திருக்கவில்லை.

இதற்குள் அப்பாவின் சமையலறையில் விசில் அடித்து ஓய்ந்து ஒரு குக்கர் கருகியிருந்தது. கதவு மணியை அடித்து அடித்து அக்கா ஒருமுறை பூட்டையே உடைக்க ஆள் கூட்டி வந்தாள். உள்ளே அப்பா நிம்மதியாகப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். அத்தோடு அக்கா தீர்ப்புச் சொல்லிவிட்டாள். இந்த வாரத்துக்குள் காது சரியாக வேண்டும். இல்லையென்றால் இரண்டு தெரு தள்ளித் தனியாக இருக்கும் அப்பா, வீட்டைக் காலி செய்துவிட்டு அவர்கள் வீட்டுப் பின்னறைக்கு வந்துவிட வேண்டும்.

அப்பா வர மாட்டேன் என்றார். அத்தான் வரக்கூடாது என்றார், மனசுக்குள். மாமனாரும் மருமகனும் கல்யாணமான நாளிலிருந்து ஒத்துப்போன ஒரே விஷயம் இதுதான்.

நான் போய்ச் சேர்ந்தபோது பெட்டி மேசைமேல் இருந்தது. பழுப்பேறிய பல் நிறம். திரையில் ஒரே ஒரு வரி: உள்ளே இருக்கும் டிஸ்க்கில் தொடங்குவதற்கு ஒன்றும் இல்லை, வேறு போட்டுவிட்டு ஏதாவது ஒரு பொத்தானை அமுக்கு.

"அமுக்கினீங்களா அத்தான்?"

"ரெண்டு நாளா அமுக்கறேன் மச்சான். எல்லாப் பொத்தானையும் அமுக்கியாச்சு. இனிமே காலிங் பெல்தான் பாக்கி."

நான் படித்தவன் அல்லவா? ஸ்க்ரூவைக் கழற்றி ஹார்ட் டிஸ்க்கை வெளியே எடுத்தேன். அதை என் லேப்டாப்பில் மாட்டுவதற்கு ஓர் இணைப்பி வாங்கிவந்து செருகினேன். வசதியான வீட்டுக் கல்யாணத்தில் ஏழைச் சொந்தக்காரனைப் பார்ப்பதுபோல, லேப்டாப் அதைப் பார்த்தும் பார்க்காததுபோல இருந்துவிட்டது. அவ்வளவு பழைய டிஸ்க்கோடு பேச அதற்குத் தெரியாது.

அத்தான் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். அவர் மாமனார் வந்து தங்கப்போகிறார் என்பதையே அந்த நிமிஷம் மறந்துவிட்டார்.

"விடு மச்சான். இது எலி இழுக்கிற வேலை இல்ல."

டிஸ்க்கை மறுபடி உள்ளே பொருத்தினோம். அத்தான் இழுப்பறையின் அடியிலிருந்து ஒரு ஃப்ளாப்பியை எடுத்தார். கம்ப்யூட்டர் தன் டிஸ்க்கை நம்பாமல் அந்த ஃப்ளாப்பியிலிருந்தே எழுந்துகொள்ளும். ஊதினார், சட்டையில் துடைத்தார், செருகினார். பெட்டி தொண்டையைச் செருமியது. கறுப்புத் திரை வந்தது, மூலையில் வெள்ளைக் கோடு ஒன்று மினுக்கியது.

"பாத்தியா!" என்றார். குரல் தழுதழுத்தது. அக்காவுக்குக் குழந்தை பிறந்தபோது அவர் இப்படி நெகிழ்ந்ததாக யாரும் சொன்னதில்லை.

பிறகு ஹார்ட் டிஸ்க்குக்குப் போகச் சொல்லிக் கட்டளை தட்டினார். அது கரகரவென்று யோசித்துவிட்டு, படிக்க முடியவில்லை, விட்டுவிடவா, மறுபடி பார்க்கவா என்று கேட்டது. மறுபடி பார், மறுபடி பார் என்று தட்டிக்கொண்டே இருந்தார். ஒருவழியாக வழி விட்டது. அவர் எழுதிய நிரல் இருந்த இடம் டிஸ்க்கில் சுத்தமாகச் செத்துப்போயிருந்தது. ஆனால் வாடிக்கையாளர்களின் கோப்புகள் உயிரோடு இருந்தன. பெயர்கள் மளமளவென்று திரையில் இறங்கின.

டீ கொண்டுவந்த அக்கா எட்டிப் பார்த்தாள். அந்தக் காலத்துக் கம்ப்யூட்டரில் கோப்புக்கு ஆங்கில எழுத்தில் எட்டு எழுத்துப் பெயர்தான் வைக்க முடியும். அத்தான் யாருக்கும் சொந்தப் பெயர் வைக்கவில்லை, ரகசியம் காப்பாராம். குணத்தை வைத்துப் பெயர் வைத்திருந்தார்.

"வம்பன்... முசுடு... புலம்பல்... இதெல்லாம் என்னங்க?"

"கஸ்டமர்ஸ்."

"ஐயோ, இது யாரு, 'கிழவன்'?"

அத்தான் டீயைக் குடித்தார். சூடு ஆறாத டீ.

"உங்க கடைக்கு வர்றவங்க எல்லாருமே கிழவங்கதானே. அதுல தனியா ஒருத்தருக்கு மட்டும் எதுக்கு இந்தப் பேரு?"

"எட்டு எழுத்துக்கு மேல வைக்க முடியாதும்மா. கம்ப்யூட்டர் ஒத்துக்காது."

அக்கா விரல் விட்டு எண்ணினாள். "மாமனார்னு போட்டா ஏழுதான் வருது."

கம்ப்யூட்டருக்கு வாய் இருந்திருந்தால் அதுவும் அக்கா பக்கம் பேசியிருக்கும். நான் கேபிளைத் தேடுவதுபோல மேசைக்கு அடியில் போய்விட்டேன்.

கேபிளைத் தேட வேண்டியதும் இருந்தது. என் லேப்டாப்பில் ஃப்ளாப்பி போட வழியில்லை. ஆகவே பழைய பெட்டியின் முதுகில் இருந்த ஒன்பது ஊசித் துளையிலிருந்து ஒரு கம்பியை லேப்டாப்புக்கு இழுத்து, அதன் வழியே கோப்பை எழுத்தெழுத்தாக அனுப்புவது என்று முடிவாயிற்று. கம்பி அத்தானிடமே இருந்தது. அவர் எதையும் தூக்கிப் போடாதவர். பின்னறை காலியில்லை என்று அவர் அடித்துச் சொன்னதற்கு அதுவும் ஒரு காரணம். லேப்டாப் பக்கத்து முனைக்கு ஒரு இணைப்பி நான் வாங்கிவந்தேன்.

அத்தான் கட்டளையைத் தட்டினார். கிழவனை எடு, கம்பி வழியே அனுப்பு. கண் மூடித் திறப்பதற்குள் 'ஒரு கோப்பு அனுப்பப்பட்டது' என்று திரை சொன்னது. அத்தான் என் தோளில் தட்டினார். நான் லேப்டாப்பில் திறந்து, எழுத்துகளை எண்களாக மாற்றிப் பார்த்தேன். வலது காது ஆறு எண்ணும் வந்திருந்தது. இடது காதுக்கு இரண்டே எண். அத்தோடு அறுந்திருந்தது.

"அத்தான், வேலைக்கு ஆகாத காது மட்டும் முழுசா வந்திருக்கு."

"உன் லேப்டாப் தின்னிருக்கும்."

"என் லேப்டாப் ஏன் தின்னுது? உங்க டிஸ்க்தான் கக்கல."

"அனுப்பிட்டேன்னு சொல்லுச்சே. அந்தக் காலத்துக் கம்ப்யூட்டர் பொய் சொல்லாது மச்சான்."

"அப்ப கிழவன்னு இருக்கிறதும் உண்மைதானா?" என்றாள் அக்கா. அவள் இன்னும் அங்கேயேதான் நின்றிருந்தாள்.

வம்பனை அனுப்பிப் பார்த்தோம், பாதியில் அறுந்தான். புலம்பல் ஆரம்பத்திலேயே அறுந்தது. முசுடு மட்டும் முழுசாக வந்து சேர்ந்தது. முசுடுகளுக்கு எப்போதும் அந்த அதிர்ஷ்டம் உண்டு. வந்த எண்களை வரிசையாகப் பார்த்துக்கொண்டே போனபோது எனக்கு ஒன்று உறைத்தது. எல்லா எண்ணும் இருந்தது. இருபத்தாறு மட்டும் எங்குமே இல்லை.

சொன்னேன். அத்தான் முகம் மெல்ல மாறியது.

"இருபத்தாறா... மச்சான், அந்த சிஸ்டத்துல இருபத்தாறாவது எழுத்து வந்தா கோப்பு முடிஞ்சதுன்னு அர்த்தம். கம்பி வழியா அனுப்பும்போது அதப் பாத்தா அத்தோட நிறுத்திக்கும். வகுப்புல சொல்லிக் கொடுத்தாங்க."

"அப்புறம் ஏன் எண்ணை எல்லாம் எழுத்தா மாத்தி வச்சீங்க?"

"யாருக்கும் இருபத்தாறு வராதுன்னு நினைச்சேன்."

ஆக, இடத்தை மிச்சம் பிடித்த புண்ணியவான், இடது காதின் நடுவில் முற்றுப்புள்ளி வைத்திருந்தார். நல்ல வேளையாக அதற்கு மாற்றும் இருந்தது. கட்டளையின் வாலில் ஒரு சாய்கோடும் பி-யும் சேர்த்தால், எந்த எழுத்தையும் பொருட்படுத்தாமல் கண்ணை மூடிக்கொண்டு கடைசிவரை அனுப்பிவிடும். அத்தானுக்கு அது ஞாபகம் வந்தது. தட்டினார். டிஸ்க் ஒருமுறை 'கிர்ர்' என்றது, ஒருமுறை 'டக்' என்றது, பிறகு ஒன்றுமே சொல்லவில்லை. மறுபடி பார் என்று அன்று சாயங்காலம்வரை தட்டினார். அணைத்துப் போட்டார், குலுக்கினார், கெஞ்சினார். அக்காவிடம் இவ்வளவு நேரம் கெஞ்சியிருந்தால் பின்னறையே தேவைப்பட்டிருக்காது. டிஸ்க் போய்விட்டது.

இடது காதில் முதல் இரண்டு எண் கையில் இருந்தது. மூன்றாவது இருபத்தாறு, அதில்தானே அறுந்தது, அது நிச்சயம். மீதி மூன்று எண்ணுக்கு அத்தானிடம் ஒரே வழிதான் இருந்தது.

மறுநாள் காலை அப்பாவைக் கடைக்குக் கூட்டிவந்தோம். அத்தான் சான்றிதழைச் சுவரிலிருந்து இறக்கித் தரையில் கவிழ்த்து வைத்தார். மாட்டிய நாள்முதல் அது இறங்கியதே இல்லை. வலது காதில் ஒன்றும் இல்லை, இடது காதில் புதுக் கருவி. அப்பா பரீட்சைக்கு வந்த மாணவன்போல நிமிர்ந்து உட்கார்ந்தார். அத்தான் பின்னால் போய் நின்று வாயைத் திறந்தார். அக்கா கதவருகே கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

"மாமா ரொம்ப நல்லவர்," என்றார் அத்தான், தாழ்ந்த குரலில்.

அப்பா அசையவில்லை.

"மாமா மாதிரி ஒரு மனுஷன்..."

"திட்டுங்க," என்றாள் அக்கா.

"நீ நிக்கிறியே."

"இத்தனை வருஷம் நான் நிக்காதப்போ திட்டினீங்கல்ல? இப்ப எனக்கு முன்னாடி திட்டுங்க. காது வேணுமா, பின்னறை வேணுமா?"

அத்தான் அளவைக் கொஞ்சம் ஏற்றினார். என்னைப் பார்த்தார். நான் ஜன்னலைப் பார்த்தேன். "அழுத்தக்காரன்," என்று முணுமுணுத்தார். அப்பா அசையவில்லை. இன்னும் கொஞ்சம் ஏற்றி, "சட்டையோட சேத்து காதைத் துவைச்ச மகராசன்," என்றார். அப்பாவின் தலை லேசாக ஆடியது. அத்தானுக்குத் துணிச்சல் வந்துவிட்டது. "இவர் நம்ம வீட்டுக்கு வந்தா நான் கடையிலயே பாய் போட்டுப் படுத்துக்குவேன்," என்றார்.

அப்பா நாற்காலியோடு திரும்பினார். "யாருய்யா வரேன்னு சொன்னது? உங்க வீட்டுல மனுஷன் இருப்பானா?"

அத்தான் கைதட்டிவிட்டார். மாமனாரிடம் வாங்கிய வசவுக்கு இப்படி மகிழ்ந்த மருமகனை நான் பார்த்ததில்லை. நாலாவது எண்ணும் ஐந்தாவதும் கிடைத்துவிட்டன. ஆறாவதுதான் சிக்கல். அது கிறீச்சிடும் சத்தத்துக்கு: குக்கர் விசில், கதவு மணி, அப்பா வீட்டு ஃபோன். எவ்வளவு திட்டினாலும் அத்தான் குரல் அந்த உயரத்துக்கு எட்டாது. அக்கா குரல் எட்டும். ஆனால் அப்பாவைத் திட்ட அவளுக்கு மனசு வராது. புருஷனைத் திட்டுகிற பழக்கம்தான் இருந்தது.

"நான் வச்ச எண்தானே, எனக்கு ஞாபகம் இருக்காதா?" என்று சொல்லி, ஒரு நிமிஷம் கூரையைப் பார்த்து, ஒரு எண்ணைப் போட்டார் அத்தான். ஞாபகம் இல்லாதவர்கள்தான் கூரையைப் பார்ப்பார்கள்.

அப்பா இரண்டு கருவியையும் மாட்டிக்கொண்டு எழுந்தார். "கரப்பான் போயிடுச்சு," என்றார். தனியாகவே வீட்டுக்கு நடந்து போவேன் என்று அடம்பிடித்துப் போனார். வீடு போய்ச் சேர்ந்ததை எதிர்வீட்டுக்காரரிடம் விசாரித்துத் தெரிந்துகொண்டபின் அக்கா கடைசி நிபந்தனையைச் சொன்னாள். முன்கூட்டிச் சொல்லாமல் அப்பா வீட்டு ஃபோனுக்கு அடிப்பாள். அவரே கேட்டு, அவரே எடுத்தால் அவர் வீட்டில் அவர் இருக்கலாம். எடுக்கவில்லையென்றால் நான் விமானம் ஏறுவதற்குள் சாமான்களைத் தூக்க வேண்டும். தூக்குவதற்கு என்னை எண்ணி வைத்திருந்தாள்.

"இப்பதான் போயிருக்கார். கொஞ்ச நேரம் கழிச்சு அடிக்கலாமே," என்றார் அத்தான்.

"குக்கர் நேரம் பாத்தா விசில் அடிக்கும்?"

சாப்பிட்டு முடித்துக் கடை மேசையைச் சுற்றி மூன்று பேரும் உட்கார்ந்தோம். அக்கா செல்ஃபோனில் எண்ணை அழுத்தி, ஸ்பீக்கரில் போட்டு, செத்துப்போன பெட்டியின் மேல் வைத்தாள். மணி போனது.

"ஃபோன் முன்னறையில இருக்கு. அவர் பின்னால இருப்பார்," என்றார் அத்தான்.

மணி போனது.

"பாத்ரூம்ல இருந்தா யாரா இருந்தாலும் கேக்காது. எனக்கே கேக்காது. உனக்குக் கேக்குமா மச்சான்?"

"கேக்காது அத்தான்," என்றேன்.

மணி நின்றது. அக்கா மறுபடி அழுத்தினாள். அத்தான் லேப்டாப்பைத் திறந்து ஆறாவது எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்று கூட்டிப் போட்டிருக்கலாமோ என்று விரல் பொத்தான் மேல் நின்றது. அப்பா காதில் இருக்கும் கருவிக்கு இங்கிருந்து ஒன்றும் போய்ச் சேராது என்று அவருக்குத் தெரியும். தெரிந்தும் கூட்டினார்.

"படுத்திருப்பார். எழுந்து வரணுமில்ல. வயசானவரு," என்றார்.

"கிழவன்னு சொல்லுங்க," என்றாள் அக்கா, ஃபோனிலிருந்து கண்ணை எடுக்காமல்.

மணி போய்க்கொண்டே இருந்தது.